ஆளுக்கு ஒரு கார்டு

நான் எடுத்துட்டேன் தம்பி. ரெண்டு திண்டுக்கல். நீங்க பர்ஸை உள்ள வைங்க. அட, வைங்கன்னா வைங்க. பக்கத்துல உக்காந்து வர்றோம், நான் எனக்கு மட்டும் எடுத்துக்கிட்டு உங்க மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்கவா? ஒரு டிக்கெட்டுல நான் ஏழையாகப் போறதும் இல்ல, நீங்க குபேரனாகப் போறதும் இல்ல. மணப்பாறையில டீ குடிச்சா அதுக்கு வேணா நீங்க குடுங்க. அதையும் அப்ப பாப்போம்.

பெட்டியில தொங்குற சீட்டைப் பாக்குறீங்க. ஆமா, சிங்கப்பூர்தான். காலையில திருச்சியில இறங்குனேன். மக வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்தி பொறந்திருக்கா. சந்தோஷமா வர வேண்டிய ஆளு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வர்றாருன்னுதானே நினைக்கிறீங்க? பெத்த மகளே என்னை ஏமாத்திட்டா தம்பி. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, நான் அங்க இருந்த நாள் பூரா. வீட்ல இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. வெளிய சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. தெரிஞ்சவங்ககிட்ட சொன்னா ஊரு பூரா போயிரும். நீங்க யாரோ எவரோ, உங்ககிட்ட சொல்லலாம்.

நான் திண்டுக்கல்ல ஒரு இரும்புக் கடையில பில் போடுறேன். என் சம்சாரம் செல்லத்தாய், மக மங்கை பள்ளிக்கூடம் படிக்கையிலேயே போய்ச் சேந்துட்டா. ஒத்தப் புள்ள. நான்தான் ஆக்கிப் போட்டு, சடை பின்னி விட்டு, எஞ்சினியரிங் வரைக்கும் படிக்க வச்சேன். மணப்பாறையில கட்டிக் குடுத்தேன். மாப்பிள்ளை தங்கமான பையன், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ரெண்டு பேரும் சிங்கப்பூர்ல வேலை பாக்குறாங்க. மாப்பிள்ளையோட அப்பா தெய்வசிகாமணி, கரண்ட் ஆபீசுல இருந்து ரிட்டயர் ஆனவரு. சம்மந்தியம்மா பிரசவம் பாக்க முன்னாடியே போயிட்டாங்க. குழந்தை பொறந்த சேதி வந்ததும் சம்மந்தியும் நானும் ஒரே பிளேன்ல போனோம்.

எங்க வீட்டுப் பழக்கம் ஒண்ணு உங்களுக்குச் சொல்லணும். எங்கப்பா, எங்கக்காவுக்குப் புள்ள பொறக்குற வரைக்கும் அவ வீட்ல கை நனைச்சது கிடையாது. தண்ணி தவிச்சாலும் தெருமுனை டீக்கடைக்குப் போய்க் குடிச்சுட்டு வருவாரு. நான் அந்த அளவுக்கு முரட்டு ஆளு இல்ல. அதான் பேத்தி பொறந்தாச்சே, தாராளமா சாப்பிடலாம். ஆனா பொண்ணு சம்பாத்தியத்துல ஒரு பைசா எனக்குன்னு செலவாகக் கூடாது. அதே மாதிரி, சம்மந்தியோட வெளிய போனா பொண்ணைக் குடுத்தவன்தான் டிக்கெட் எடுக்கணும். கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவரு என்கூட பஸ்ல ஏறி ஒரு தடவை காசு குடுத்ததில்ல. குடுக்க வராம இருக்க மாட்டாரு. ‘இருக்கட்டும் சம்மந்தி, நான் எடுக்கிறேன்’னு பாக்கெட்ல கைய விடுவாரு. விட்ட கை வெளிய வர்றதுக்குள்ள நான் எடுத்துருவேன். அவரு கை கொஞ்சம் மெதுவாத்தான் வரும். அது அவருக்கும் ஒரு மரியாதை, எனக்கும் ஒரு மரியாதை.

அங்க போன மறுநாள் மாப்பிள்ளை ரெண்டு கார்டைக் கொண்டாந்து நீட்டுறாரு. “அப்பா, மாமா, ஆளுக்கு ஒரு கார்டு. பஸ்ஸு, ரயிலு ரெண்டுக்கும் இதுதான். ஏறும்போது ஒரு தடவை மெஷின்ல காட்டுங்க, இறங்கும்போது ஒரு தடவை காட்டுங்க. காசு தீந்தா கீழ கடையில குடுத்தா ஏத்திக் குடுப்பாங்க”ன்னாரு. நான் முதல் வேலையா, கார்டு என்ன விலைன்னு கேட்டு அந்தக் காசை அவரு சட்டைப் பையில திணிச்சேன். அவரு சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டாரு. அந்தச் சிரிப்பை நான் அப்பவே யோசிச்சிருக்கணும்.

புதுசா எது கைக்கு வந்தாலும் எனக்குப் பொட்டு வைக்கணும். கடைக்குப் புது தராசு வந்தாலும் வைப்பேன், புது ஸ்டேப்ளர் வந்தாலும் வைப்பேன். கார்டை சாமி படத்துக்கு முன்னாடி வச்சு, பின்பக்கமா சந்தனம் குங்குமம் வச்சு எடுத்துக்கிட்டேன். குங்குமம் நல்லா ஒட்டிக்கிச்சு, தேய்ச்சாலும் போகல. என் கார்டுக்கு மட்டும்தான் வச்சேன். அடுத்தவர் பொருளுக்கு நாம எப்படி வைக்கிறது? இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க தம்பி, பின்னால வரும்.

அன்னைக்கு சாயங்காலம் சம்மந்தியும் நானும் தேக்கா மார்க்கெட்டுக்குக் கிளம்புனோம். பஸ் வந்துச்சு. கண்டக்டர் கிடையாது, டிரைவர் பக்கத்துல ஒரு மெஷின் நிக்குது. நான் சம்மந்திக்கு முன்னாடி பாஞ்சு ஏறி என் கார்டைக் காட்டுனேன். பீப்புன்னுச்சு. சரி, இவருக்கும் நாமளே எடுத்துருவோம்னு அதே கார்டை மறுபடியும் காட்டுனேன். இப்ப வேற மாதிரி கத்துது. டிரைவரு சீனக்காரரு, கைய ஆட்டி என்னமோ சொல்றாரு. நான் ரெண்டு விரலைக் காட்டி, பின்னால நிக்கிற சம்மந்தியைக் காட்டி, ‘டூ, டூ’ங்கிறேன். மெஷின் என்ன நினைச்சுக்கிச்சுன்னா, இந்த ஆளு ஏறுன வேகத்துல இறங்கிட்டான்னு நினைச்சுக்கிச்சு. கீழ ஒரு வரிசையே காத்துக்கிட்டு நிக்குது. அதுக்குள்ள சம்மந்தி என் தோளுக்கு மேல கைய நீட்டி, அவரு கார்டைக் காட்டிட்டு, போய் ஜன்னலோரம் உக்காந்துட்டாரு. பாக்கெட்ல கைய விடல. ‘இருக்கட்டும் சம்மந்தி’ன்னு சொல்லல. எனக்கு கை ஒடிஞ்ச மாதிரி ஆயிருச்சு.

நீங்க சிரிக்கிறீங்க. சிரிங்க. ஆளுக்கு ஒரு கார்டுன்னா என்ன அர்த்தம்? நீ வேற, நான் வேறன்னு அர்த்தம். அவரு காசுல அவரு போறாரு, என் காசுல நான் போறேன், நடுவுல உறவு எங்க இருக்கு? சரி, மெஷின் விடலைன்னா நாம வேற வழி பாப்போம்னு முடிவு பண்ணேன்.

ரெண்டு கார்டும் உறையில போட்டு வாசல்ல ஆணியில தொங்கும். பாத்தா ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் தெரியாது. கொண்டு போன காசு ரெண்டு கார்டுக்குக் காணாது. பேத்திக்கு வளையல் போடுறதுக்கு எடுத்து வச்சது போக கொஞ்சம்தான் கையில. அதனால என்ன பண்ணேன்னா, என்கிட்ட இருக்கிற கார்டுல காசு ஏத்திட்டு வந்து, சம்மந்தி குளிக்கப் போகும்போது அதை அவரு உறையில வச்சுட்டு, அவரோட காசு தீந்து போன கார்டை நான் எடுத்துக்குவேன். மனுஷன் குளிக்கப் போனா லேசுல வர மாட்டாரு, உள்ள பாட்டு வேற நடக்கும். எனக்கு நல்ல வசதி. காசு தீரத் தீர இப்படியே மாத்தி மாத்தி. அவரு போறது வர்றது எல்லாம் என் காசு, அவருக்கே தெரியாது. சொல்லிக்காட்டாமச் செய்யிறதுதானே தம்பி மரியாதை? நெஞ்சு நிறைஞ்சு போச்சு எனக்கு. ஊரு விட்டு ஊரு வந்தாலும் முறையை விடலைன்னு.

ஒரு நாள் மங்கைக்கு மருந்துக் குழம்பு வைக்கிறதுக்குப் பூண்டு வாங்கிட்டு வர்றேன்னு நான் மட்டும் தேக்கா போயிருந்தேன். திரும்பையில கார்டுல காசு இல்ல. மெஷின் சிவப்பு காட்டுது. இறங்கி நடந்தேன். வழியில பிடிச்சுச்சு பாருங்க மழை, வீட்டுக்குள்ள நுழையும்போது பூண்டும் நானும் தொப்பலா நனைஞ்சிருந்தோம். மங்கை குழந்தையை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. ஏம்ப்பா பஸ்ல வரலைன்னு கேட்டா. டாக்டர் என்னை நடக்கச் சொல்லியிருக்காரும்மான்னேன். என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. குழந்தை சிணுங்குனதுகூட அவளுக்குக் கேக்கல. அப்புறம் எந்திரிச்சுத் துண்டை எடுத்துக் குடுத்து, தலையத் துவட்டுங்கப்பான்னா. நம்பிட்டான்னு நினைச்சேன்.

போன் அடிக்குதா? என்னுதுதான். அடிக்கட்டும். அவதான். ஏர்போர்ட்ல இறங்குனதுல இருந்து அடிச்சுக்கிட்டே இருக்கா.

அதுக்கப்புறம்தான் தம்பி அதிசயம் நடக்க ஆரம்பிச்சுச்சு. கார்டுல காசு குறையவே மாட்டேங்குது. கீழ கடையில ஒரு சீனப் பொம்பளை. கார்டை மெஷின்ல வச்சா எவ்வளவு இருக்குன்னு காட்டும். நான் தீந்திருக்கும்னு நினைச்சுப் போனா, அது பாட்டுக்கு நிறைய காட்டுது. நானும் நம்ம ஊரு புத்தியில, இந்த நாட்டுல கட்டணம் அவ்வளவு மலிவு போலன்னு நினைச்சேன். அப்புறம் யோசிச்சுப் பாத்து, நரைச்ச தலையைப் பாத்ததும் மெஷினே கட்டணத்தைக் குறைச்சுக்குது போல, வயசானவங்களுக்குச் சலுகைன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். வீட்டுக்குக் கீழ பெஞ்சுல உக்காந்திருக்கிற பெருசுங்ககிட்ட எல்லாம் பெருமையா சொன்னேன். மங்கைகிட்டயும் சொன்னேன். பாரும்மா, இங்க மெஷினுக்கு இருக்கிற மரியாதை நம்ம ஊருல மனுஷனுக்கு இல்லன்னேன். அவ குழந்தைத் துணியை மடிச்சுக்கிட்டே, தலை நிமிராம, “ஆமாப்பா”ன்னா.

அந்த ‘ஆமாப்பா’வைத்தான் தம்பி என்னால தாங்க முடியல. ஒரு சொல்லு. அதை எவ்வளவு சாதாரணமா சொன்னா தெரியுமா?

குட்டு உடைஞ்சது தேக்காவுலதான். மணப்பாறைக்காரர் ஒருத்தர், வையாபுரின்னு பேரு, அங்க மளிகைக் கடை வச்சிருக்காரு. சம்மந்திக்கு வேண்டப்பட்டவரு. டீ வாங்கிக் குடுத்தாரு. பேச்சு வாக்குல நான் சொன்னேன், மக வீடுதான், ஆனா பஸ்ஸுக்குக்கூட அவ காசைத் தொடுறதில்லங்க, எல்லாம் திண்டுக்கல்ல இருந்து கொண்டாந்த காசுன்னேன். சொல்லும்போது கொஞ்சம் நெஞ்சை நிமித்திக்கிட்டுத்தான் சொன்னேன், இல்லன்னு சொல்லல. உடனே சம்மந்தி டீ கிளாஸைக் கீழ வச்சுட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாரு.

“சம்மந்தி, நம்ம ரெண்டு பேர் கார்டுலயும் மங்கைதான் காசு போடுது. கடைக்கெல்லாம் போக வேண்டியதில்ல. கார்டைப் போன்ல வச்சாலே ஏறிடுதாம். புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே போட்டுருது. நீங்க மாத்தி மாத்தி வைக்கிறது எங்களுக்குத் தெரியாதா? பொட்டு வச்ச கார்டு இந்த வாரம் யாருகிட்டன்னு எங்க வீட்ல பந்தயமே நடக்குது.”

பொட்டு. நான் அந்தப் பொட்டை யோசிக்கவே இல்ல தம்பி. உறையில முன்பக்கம்தானே தெரியும்னு இருந்துட்டேன். காசு ஏத்துறதுக்கு அவ கார்டை வெளிய எடுப்பான்னு நான் கண்டேனா? ஒரு வாரம் பொட்டு என் உறையில, மறு வாரம் அவரு உறையில. அத்தனை பேரும் பாத்துக்கிட்டு, சோறு போடும்போதும் தண்ணி குடுக்கும்போதும் ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்திருக்காங்க. வையாபுரி சிரிக்கிறாரு, கடைப் பையன் சிரிக்கிறான். சம்மந்தி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, உங்களை மாதிரி ஒரு சம்மந்தி கிடைக்க நான் குடுத்து வச்சிருக்கணும்ங்கிறாரு. நக்கலைப் பாத்தீங்களா? கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சிருக்காரு மனுஷன்.

டீயை அப்படியே வச்சுட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து மங்கைகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டேன். எப்ப இருந்து? “மழையில நனைஞ்சு வந்தீங்கள்லப்பா, அன்னைல இருந்து”ன்னா. பிளேன் டிக்கெட்டை முன்னாடி மாத்தச் சொன்னேன். அதுக்கு ஆன காசும் நான்தான் குடுத்தேன், மாப்பிள்ளை எவ்வளவு மறுத்தும் விடல. கையில இருந்தது அதோட சரி. ஊருக்கு வந்து சேர பஸ்ஸுக்கு மட்டும் தனியா முடிஞ்சு வச்சிருந்தேன்.

நாளைக்குத்தான் பேத்திக்குப் பேர் வைக்கிறாங்க. செல்லத்தாய் பேரைத்தான் வைக்கப் போறாளாம். அம்மா இல்ல, அதனால நீங்கதான்பா காதுல முதல்ல சொல்லணும்னு போன அன்னைக்கே சொல்லி வச்சிருந்தா. நான் கிளம்புறேன்னதும் சம்மந்தியம்மா அழுதாங்க, மாப்பிள்ளை கெஞ்சுனாரு. மங்கை கெஞ்சல. அவ என் ரத்தம், கெஞ்ச மாட்டா. நான் கார்டை எடுத்து சாமி படத்துக்கு முன்னாடி வச்சேன். உன் காசுல ஏறுன கார்டு, நீயே வச்சுக்கன்னேன். பேரையும் உன் மாமனாரையே சொல்லச் சொல்லும்மான்னேன். அப்ப அவ குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு வாசல் வரைக்கும் வந்தா. வந்து ஒண்ணு சொன்னா.

“காலேஜ் பஸ்ஸுக்கு எனக்குக் காசு வாங்கலைன்னு சொன்னீங்க. நல்ல மார்க் எடுத்தா இலவசம்னீங்க. மொபெட் எங்கப்பான்னு கேட்டப்போ, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காருன்னீங்க. அதை வித்துத்தான் பஸ்ஸுக்குக் கட்டுனீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்பா. தினம் கடைக்கு நடந்து போவீங்க, நான் பஸ் ஜன்னல்ல இருந்து பாத்துக்கிட்டே போவேன். தெரியாத மாதிரியே இருந்தேன். அதுதான் உங்களுக்குப் பிடிக்கும்னு. நான் ஒரு நாளாவது கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போனேனா?”

எப்படி எதிர்த்துப் பேசுறா பாத்தீங்களா? அப்ப, காலேஜ் படிக்கையிலேயே என்னை ஏமாத்தியிருக்கா. நான் இந்த ஒரு மாசம்தான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன், இது அத்தனை வருஷம். பஸ்ல இருந்து பாத்தாளாம். ஒரு நாளாவது கையை ஆட்டியிருக்கக் கூடாதா? நானும் ஒளிஞ்சு ஒளிஞ்சு, பஸ் வர்ற நேரமாப் பாத்து பழக்கடைக்குப் பின்னால நின்னுட்டு அப்புறம் நடப்பேன். எல்லாம் வீண் வேலை.

என்ன சொல்றீங்க? நான் செஞ்சதும் அதுதானா? அது எப்படி தம்பி ஒண்ணாகும்? நான் பெத்தவன். நான் மறைச்சுச் செஞ்சா அது கடமை. சம்மந்திக்குச் செஞ்சா மரியாதை. அவ எனக்குச் செஞ்சா அதுக்கு என்ன பேரு? நீங்களே சொல்லுங்க. தெரியலைல்ல? பேரே இல்லாத ஒண்ணை எனக்குச் செஞ்சிருக்கா.

மணப்பாறை வந்துருச்சு. டீ எனக்கு வேண்டாம், வயிறு சரியில்ல. நீங்க போய்க் குடிச்சுட்டு வாங்க, பெட்டியை நான் பாத்துக்கிறேன்.

வந்துட்டீங்களா? எனக்கும் ஏன் வாங்கிட்டு வந்தீங்க? சரி குடுங்க, ஆறிரும். இது என்ன பாக்குறீங்க, பாக்கெட்ல துருத்திக்கிட்டு இருக்கிறதா? இதுதான் அந்தக் கார்டு. ஏர்போர்ட்ல மாப்பிள்ளை என் சட்டைப் பையில திணிச்சுட்டாரு. நான் அவருக்குத் திணிச்சேன்ல, அதே மாதிரி. மாமா, இது பல வருஷத்துக்குச் செல்லும், பேத்தியை நீங்க ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போக வேணும்லன்னாரு. அதுக்குள்ள உள்ள போகச் சொல்லிட்டாங்க, திருப்பிக் குடுக்க நேரமில்ல. இந்தா பாருங்க, பின்பக்கம் பொட்டு. ஏன் தூக்கிப் போடலைன்னா? பொட்டு வச்சதை எப்படிங்க தூக்கிப் போடுறது?

மறுபடியும் அடிக்குது பாருங்க. எடுக்க மாட்டேன். எடுத்தா என்ன சொல்றது? போன்லயே பேரைச் சொல்லலாமா? குழந்தை காதுல போனை வச்சா போதும்ங்கிறீங்க. உங்க காலத்துல எல்லாமே போன்லதான் ஏறுது, காசும் ஏறுது, பேரும் ஏறும். எனக்கு அதெல்லாம் பழக்கமில்ல. ஆனா நாளைக்கு எத்தனை மணிக்குன்னு கேக்காம வந்துட்டேன். அங்க மணி நமக்கு முன்னாடி ஓடும். நாம விடிஞ்சு எந்திரிக்கிறதுக்குள்ள அவங்க வச்சு முடிச்சிருவாங்களோ என்னமோ. செல்லத்தாய்னு அவ மாமனார் சொன்னா, அது எப்படி இருக்கும்? அவரு எங்க வீட்டுக்காரியைப் பாத்ததுகூட இல்ல.

சரி, திண்டுக்கல் வந்துருச்சு. பாத்து இறங்குங்க, பையை விட்டுறாதீங்க. ரொம்ப நேரம் அறுத்துட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. ஆட்டோவா? நாகல் நகர் வழியாத்தான் போறீங்களா, என்னை இறக்கி விட்டுட்டுப் போறீங்களா? பங்குன்னா நானும் குடுக்கணும்ல. இல்ல இல்ல, நீங்களே குடுக்கிறதெல்லாம் வேண்டாம். முதல்ல அந்த பர்ஸை உள்ள வைங்க. மழையா? தூறல்தானே. பெட்டிக்குச் சக்கரம் இருக்கு. நீங்க கிளம்புங்க தம்பி, டாக்டர் என்னை நடக்கச் சொல்லியிருக்காரு.